மேசை மலையின் அடிவாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பற்றிய உங்கள் பயணக் கட்டுரை படித்தேன். மேசை மலை மீது விரிப்பாகப் படியும் மேகம், 1929 முதல் ஓடும் ரோப் கார் என்று காட்சிகள் அருமை. ஆனால் ஊர் உருவான கதையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே இறங்கியதே, கீழைக் கடலுக்குப் போகும் கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீரும் ஏற்றத்தான். அந்தத் தோட்டங்களிலும் வீடுகளிலும் உழைத்த அடிமைகளில் வங்காளம், மலபார், ஏன், நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. 1834இல்தான் அடிமைமுறைக்குச் சட்டப்படி முடிவு வந்தது. இதற்கு இரண்டு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

2018இல் குழாயை அடைக்க நாள் குறிக்கும் அளவுக்கு அங்கே தண்ணீர் வற்றியதையும் எழுதுங்கள். சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் எங்களுக்கு அது தெரியவேண்டிய சங்கதி.

- வாசகர், வடவள்ளி, கோவை