மெக்கானிக்கின் பட்டியலும் உன் ஆல்டோவும்

கோயம்புத்தூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்கள், காலையில் முதல் ஸ்டார்ட் எடுத்தபோது பிடித்த வீடியோ, மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தேன். 2008-ஆம் ஆண்டு ஆல்டோ, மீட்டரில் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓராண்டுக்கு மேல் தூசி படிந்து நின்ற வண்டி. அதை வாங்கியதில் தவறே இல்லை. ஆனால் அரை இன்ஜின் வேலை (இன்ஜினைத் திறந்து ரிங், வால்வு போன்றவற்றை மாற்றுவது), ரேடியேட்டர், க்ளட்ச் செட், பேட்டரி, நான்கு ஷாக் அப்சார்பர், முழு பெயிண்ட் என்று போகும் அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகை, நீ வண்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டி நிற்கிறது. அதில் உள்ளவற்றில் பாதியை இப்போதைக்குத் தொட வேண்டியதில்லை என்பதும், பட்டியலிலேயே இல்லாத சில வேலைகளை முதலில் செய்ய வேண்டும் என்பதும் என் கணிப்பு.

உதிரிபாகக் கடையில் பில் போட்டு உன்னைப் படிக்க வைத்தவள், பாகம் வாங்காதே என்று சொல்வது உனக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். கல்லாவில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் ஒரே குறைக்கு ஒரே ஆள் எத்தனை முறை திரும்பி வருகிறார் என்பது தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது என்று பேட்டரி வாங்குவார்கள், அடுத்த வாரம் செல்ஃப் மோட்டாருக்கு கார்பன் பிரஷ் கேட்டு வருவார்கள், பிறகு டைனமோ. கடைசியில் யாராவது ஒருவர், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரின் முனையில் பூத்திருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொள்ளும். நாங்கள் விற்ற பாகங்களில் பழுது ஏதும் இல்லை, ஆனால் அவை அந்த வண்டிக்குத் தேவைப்படவும் இல்லை. அதனால் உன் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, எந்தச் சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தார் என்று மெக்கானிக்கிடம் பணிவாகக் கேட்டு எழுதிக்கொள். பதில் இல்லாத வரிகள் காத்திருக்கட்டும்.

காத்திருக்க முடியாதவை பிரேக்கும் டயரும். நீண்ட நாள் நின்ற வண்டியில் பின் சக்கர டிரம்முக்குள் துரு ஏறியிருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் இறுகி, ஃப்ளூயிட் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கவும் கூடும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் தூசி மறைப்பை நீயே விரலால் விலக்கிப் பார். உள்ளே ஈரம் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, ஆகவே மீட்டர் எத்தனை காட்டினாலும் இந்த வண்டியில் இருப்பது கெட்டுப்போனதுதான். முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கச் சொல். முன் சக்கர பிரேக் ஹோஸை வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றிவிடு. டயரைப் பொறுத்தவரை பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். பட்டனை மட்டும் பார்த்தால் போதாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2316 என்று இருந்தால் 2016-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். உன் படத்தில் அந்த இலக்கம் தெரியவில்லை. பக்கவாட்டில் நூல் நூலாக வெடித்திருப்பது மட்டும் தெரிகிறது. சென்னை வெயிலில் புறவழிச்சாலையில் அந்த டயர்களோடு போகாதே. பெயிண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நான்கு டயர் தாராளமாக வரும்.

அடுத்தது சூடு. இந்தக் கடிதத்தில் நீ ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படி. நம் ஊரில் சிறிய அலுமினிய ஹெட் இன்ஜின்கள் பழுதாவதற்கு ஓடிய தூரத்தைவிடக் கொதித்ததே பெரும்பாலும் காரணம். ஒருமுறை நன்றாகக் கொதித்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளையும், அதன் அடியில் உள்ள காஸ்கெட் போகும், அதன் பிறகு செலவுக்குக் கணக்கே இல்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து எடுத்த படத்தில் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால் ரேடியேட்டரே போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சுத்தமான தண்ணீரால் பலமுறை அலசி, கலங்கல் நின்ற பிறகு, கலந்தே விற்கும் கூலன்டை ஊற்றி, காற்று முழுவதும் வெளியேறும்வரை ஓடவிட்டுப் பாருங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி, பிறகு நிற்கிறதா என்று கவனி. நகரத்தில் மட்டும் சூடு காட்டும் முள் ஏறி, வேகமாகப் போகும்போது இறங்கினால் ஃபேன் மோட்டாரையோ அதன் ரிலேயையோ சந்தேகிக்கலாம். வேகமாகப் போகும்போதும் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாங்குவதால்தான் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் இறுகிப்போனால் அழுத்தம் கசிந்து, கூலன்ட் குறைந்துகொண்டே வரும். சென்னை பாடியில் தொடங்கிய சுந்தரம் ஃபாசனர்ஸ் நிறுவனம் தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது என்று கடையில் பெருமையாகப் பேசிக்கொள்வோம். சில நூறு ரூபாய்தான், புதிதாக வாங்கிவிடு. இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் அதன் மேல் கை வைக்கவே கூடாது.

சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதையும் கேள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, எனக்கு அதில் அறவே உடன்பாடில்லை. அது இல்லையென்றால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். நீ மைலேஜ் பன்னிரண்டுதான் வருகிறது என்று எழுதியதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். ஃபில்டரையும் ப்ளக்கையும் மாற்றுவதற்கு முன் இதைப் பார்த்துவிடு.

இனி அந்த நீலப் புகை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்துப் புகை வந்து, சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது வரவில்லை. வண்டி நிற்கும்போது ஹெட்டிலிருந்து வால்வு வழியாக ஆயில் சொட்டி இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எரிவதே அது. வால்வு ஆயில் சீல்கள் இறுகியிருப்பதன் அடையாளம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஓட்டும்போதும், ஏற்றத்தில் இழுக்கும்போதும் புகை தொடர்ந்து வரும். ஆகவே அரை இன்ஜின் வேலை என்று சொன்னவரை கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல். மூன்று சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் இன்ஜினைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது காஸ்கெட். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டு, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது அந்த வழியே காற்றும் புகையும் பீறிடுகிறதா என்பதையும் பார்க்கலாம். அடித்தாலும் பயந்துவிடாதே, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான் இருக்கும், அதைச் சுத்தம் செய்யக் காசே ஆகாது. சீல் மட்டும்தான் என்றால், ஹெட்டைக் கழற்றாமலே ப்ளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, வால்வு உள்ளே விழாமல் நிறுத்தி மாற்றிவிடும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அதற்குக்கூட அவசரமில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் குறைகிறது என்று டிப்ஸ்டிக்கைப் பார்த்து எழுதி வா. கால் லிட்டர் என்றால் ஆண்டுக்கணக்கில் ஊற்றிக்கொண்டே ஓட்டினாலும் இன்ஜின் வேலையைவிட மலிவு.

ஆயில் மாற்றும்போது இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் ஃப்ளஷ் திரவம் ஊற்றலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆண்டுக்கணக்கில் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் வடிகட்டியை அடைத்தால் பேரிங் போய்விடும். சாதாரண ஆயிலும் புதிய ஃபில்டரும் போட்டு, ஆயிரம் கிலோமீட்டரிலேயே மறுபடியும் ஒருமுறை மாற்றினால் அழுக்கு மெல்ல மெல்ல வெளியேறும். தொட்டியில் தேங்கியிருந்த பழைய பெட்ரோலையும் இறக்கிவிடு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது எத்தனால் இருபது விழுக்காடு கலந்த பெட்ரோல். 2008-இல் வந்த ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எங்கேனும் பெட்ரோல் வாடை வந்தால், வயர் கடிக்கும் எலியையும் இற்றுப்போன குழாயையும் சேர்த்தே தேடு.

பட்டியலில் இல்லாத பெரிய வேலை டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனோடு ஒத்து வால்வுகளை இயங்க வைக்கும் பெல்ட். இந்த 796 சிசி இன்ஜினில் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட்தான். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுச்சாலையில் அப்படியே அணைந்துவிடும். அதே திறப்பில் டென்ஷனரையும் ஆயில் சீல்களையும் வாட்டர் பம்பையும் பார்த்துவிட்டால் கூலி ஒருமுறையோடு முடியும்.

க்ளட்ச் நழுவாமல் பிடிக்கிறதென்றால், கேபிளை சரிசெய்து ஓட்டு. ஷாக் அப்சார்பர் நான்கும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். எது ஆயில் கசிகிறதோ அந்த ஜோடியை மட்டும் மாற்றினால் போதும். குழியில் விழும்போது கேட்கும் டொக் சத்தம் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ்ஷாகத்தான் இருக்கும். நீ ஆன்லைனில் வாங்க நினைக்கும், செல்போனோடு இணைக்கும் ஸ்கேனரை விட்டுவிடு. அந்த ஸ்கேனர் படிக்கும் ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே பதிவு செய்யும் அமைப்பு) இந்தியாவில் கட்டாயமாகத் தொடங்கியதே 2010-இல்தான், உன் வண்டி அதற்கும் முந்தியது.

பெயிண்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. அதற்கு முன் தரைவிரிப்பைத் தூக்கி, கீழே தகடு ஈரமாக இருக்கிறதா என்று பார். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023-இல் மிக்ஜாம் புயலிலோ நனைந்த வண்டியா என்பதை அறிய, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். உருளைக்குள் சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் எவ்வளவு கழுவினாலும் மறைந்திருக்காது. இருக்கையின் தண்டவாள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பார். கதவுக்குக் கீழே உள்ள ரன்னிங் போர்டில் ஓட்டை விழுந்திருந்தால் தகடு வெட்டி வெல்டிங் வைப்பதே முறை. பட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்தால் உள்ளே துரு தொடர்ந்து தின்னும். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தாலும் தரை நனையும், குச்சி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும்.

உடைந்த முகப்பு விளக்கு, கதவுக் கண்ணாடி ஏற்றும் கருவி, கைப்பிடி, ரிம் ஆகியவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கலாம். பேரம் பேசத் தயங்காதே. பிரேக், ஸ்டீயரிங், பெல்ட், ரப்பர் என்று எதையும் பழையதாக வாங்கக் கூடாது. அவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நம்பகமான கடையில் பில்லோடு வாங்கு. கம்பெனிப் பெட்டியில் வரும் பாகத்தைச் செய்து கொடுக்கும் உற்பத்தியாளரே தன் பெயரில் வெளியே விற்பதும் உண்டு, விலை குறைவாக இருக்கும். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போ, ஆல்டோவில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு.

ஆர்சி 2023-இல் புதுப்பிக்கப்பட்டு 2028 வரை இருக்கிறது. அப்போது வண்டி இருபது ஆண்டைத் தாண்டும், 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ரூபாய். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) செலவும் சேரும் என்பதால் இந்த வண்டியிடம் அதுவரைக்கும்தான் உழைப்பை எதிர்பார்க்க வேண்டும், அதற்கேற்பத்தான் செலவும் செய்ய வேண்டும். பெயர் மாற்றத்தையும் இன்ஷூரன்ஸ் மாற்றத்தையும் மட்டும் இந்த வாரமே முடித்துவிடு.

கம்ப்ரஷன் பார்த்ததும் மூன்று எண்களையும், கழற்றிய ப்ளக்குகளை சிலிண்டர் வரிசை மாறாமல் வைத்து எடுத்த படத்தையும், டயரின் நான்கு இலக்கத்தையும் அனுப்பு. அதைப் பார்த்த பிறகு எஸ்டிமேட்டில் எதை அடிப்பது என்று போனில் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா