டெல்லி என்று எழுதி பம்பாய்க்கு அனுப்பிய கடிதங்கள்

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகம்தானே? வாரம் இரண்டு தடவை போனில் பேசினாலும், எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். முப்பத்தொரு வருஷம் அடுத்தவர்கள் கடுதாசிக்கு முத்திரை குத்தினவள், வேறு என்ன செய்வேன்?

உன் அப்பா பழைய தபால் உறைகள் சேர்த்து வைத்த தகரப்பெட்டியை என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாயே. அதை விற்கப் போவதில்லை. நேற்று வெயிலில் பாயை விரித்து எல்லா உறைகளையும் எடுத்துப் போட்டேன். கரையான் இன்னும் வரவில்லை. பெட்டியில் பாதி ஒரே கப்பலைப் பற்றியதுதான். உன் தாத்தா ஸ்டோக்கராக, அதாவது பாய்லர் ஆளாக, வேலை பார்த்த ஐ.என்.எஸ். டெல்லி என்ற போர்க்கப்பல்.

சின்ன வயதில் ஆச்சிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான்தான். 'ஐ.என்.எஸ். டெல்லி, ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்' என்று எழுதினால், "ஏட்டி, டெல்லிக்குப் போற கடுதாசிக்கு எதுக்கு பம்பாய்னு எழுதுதே?" என்று ஆச்சி ஒவ்வொரு முறையும் கேட்பாள். கப்பல் எங்கே நிற்கிறது என்று உறையில் எழுதக்கூடாது. பம்பாய்க்குப் போனால் அங்கே பிரித்து அது நிற்கும் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள் என்று சொன்னால் நம்பவே மாட்டாள். தெருவில் எல்லோரும் தாத்தா பார்லிமெண்டுக்குப் பக்கத்தில் ஏதோ வேலையில் இருப்பதாகவே நினைத்திருந்தார்கள். ஆச்சி மறுத்ததும் இல்லை.

அந்தக் கப்பல் பிறந்தபோது டெல்லி இல்லை. இங்கிலாந்தில் பிர்கன்ஹெட்டில் கட்டி 1932-ல் நீரில் இறக்கியபோது அதன் பெயர் அகிலீஸ். பிறகு நியூசிலாந்துக்காரர்களோடு ஓடியது. 1939 டிசம்பர் 13-ம் தேதி, தென் அமெரிக்காவில் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு வெளியே, எக்ஸீட்டர், அஜாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டோடும் சேர்ந்து ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ என்ற போர்க்கப்பலை எதிர்த்தது. அவனிடம் 11 அங்குல பீரங்கி, இதனிடம் 6 அங்குலம். அகிலீஸில் நான்கு பேர் இறந்தார்கள். கேப்டன் எட்வர்ட் பாரிக்குக் காலில் அடி. நான்கு நாள் கழித்து மான்டிவீடியோவுக்கு வெளியே ஜெர்மன்காரர்களே தங்கள் கப்பலை வெடிவைத்து மூழ்கடித்தார்கள். பிறகு நடந்ததைக் கேள்: 1948 ஜூலை 5 அன்று அகிலீஸ் நம் கடற்படைக்கு வந்து டெல்லி ஆனது, அதே வருஷம் நம் கடற்படைக்குத் தலைமைத் தளபதியாக வந்தவரும் அந்தப் பாரிதான்! கப்பலும் கேப்டனும் தனித்தனி வழியில் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

உறைகளுக்கு வருகிறேன். அப்பா சென்னைக் கண்காட்சியில் ஆசையாக வாங்கிய போர்க்கால உறை ஒன்று இருக்கிறது. மூலையில் 'மன்னரின் கப்பலிலிருந்து' என்று ஆங்கிலத்தில், ஒரு தணிக்கை முத்திரை, தபால்தலை மேல் 'கடல்வழித் தபால்' என்ற மெஷின் முத்திரை. அவ்வளவுதான், கப்பல் பெயரும் இல்லை, துறைமுகமும் இல்லை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்றுதானே அப்படிச் செய்தார்கள்? ஆனால் வியாபாரி பின்பக்கம் பென்சிலால் 'அகிலீஸ்' என்று எழுதி விலையை ஏற்றிவிட்டார். உள்ளே கடிதம் இல்லை, அனுப்பினவர் பெயரும் இல்லை, எப்படி நம்புவது? அப்பாவிடம் அன்றே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1949-ல் பம்பாயிலிருந்து போன சாதாரண உறை. மடிப்பில் 'எச்.எம்.ஐ.எஸ். டெல்லி' என்று அச்சு. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் பேருக்கு அது மன்னரின் இந்தியக் கப்பல்தான். 1950 ஜனவரி 26-க்கு அப்புறம்தான் ஐ.என்.எஸ். அடுத்து, 1974-ல் ஃபாக்லாந்து தீவுகள் அந்தப் பிளேட் நதிச் சண்டையின் 35-ம் ஆண்டுக்கு வெளியிட்ட தபால்தலைகள். ஒன்றில் அகிலீஸ். நினைவுத் தபால்தலை போட்டுவிட்டார்கள், கப்பலோ டெல்லி என்ற பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது! 1978 ஜூன் கடைசியில்தான் ஓய்வு கொடுத்தார்கள்.

1961 டிசம்பரில், போர்ச்சுகீசியர் கையில் இருந்த டையூவில் இந்தக் கப்பல் குண்டு போட்டபோது தாத்தா கீழே பாய்லர் அறையில். "ஒண்ணும் பாக்கல, காலுக்கடியில தரை மட்டும் நடுங்கிச்சு" என்பார்.

இப்போது உன் விஷயம். 1969-ல் கப்பல் நீ இருக்கும் நியூசிலாந்துக்கு வந்தபோது தாத்தா போட்ட உறை கிடைத்திருக்கிறது. முத்திரையில் ஆக்லாந்தும் வருஷமும் தெரிகின்றன, தேதி மசிந்துவிட்டது. உள்ளே நாலு வரி: குளிர், ஆட்டுக்கறி மலிவு, எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கியிருக்கிறார். அந்தச் சட்டை வந்தது. பாளையங்கோட்டையில் கம்பளிச் சட்டை!

ஆக்லாந்து துறையிலிருந்து டெவன்போர்ட்டுக்கு ஃபெர்ரி போகிறதாமே. அங்கே கடற்படைத் தள வாசலில் இந்தக் கப்பலின் பீரங்கிக் கூண்டு இருக்கிறது. கப்பலை உடைத்தபோது இந்தியா அன்பளிப்பாகக் கொடுத்தது. மொத்தம் நாலு கூண்டு. 1943 ஜனவரியில் சாலமன் தீவுகள் பக்கம் ஜப்பான் குண்டு விழுந்ததில் பின்பக்கம் மேலே இருந்த மூன்றாவது போய்விட்டது, பதின்மூன்று பேர் இறந்தார்கள். தப்பிய மூன்றில் ஒன்றுதான் உங்கள் ஊரில் நிற்கிறது. குட்டிப்பயலைத் தூக்கிக் காட்டு. ஏற விடாதே.

1969 உறையைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். அது உன்னிடம் இருக்கட்டும். பதிலுக்கு டெவன்போர்ட்டில் ஒரு படக்கார்டு வாங்கி எனக்குப் போடு. பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடாதே, கவுண்டரில் கொடுத்துக் கையால் முத்திரை குத்தச் சொல். தேதி தெளிவாக விழ வேண்டும்.

அன்புடன்,
அம்மா