மண் அள்ளும் இடத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீர்த்தேக்கம் கட்டுமுன் தொல்லியல் ஆய்வு செய்வதால் வேலை இழுபடுகிறது என்று அடிக்கடி காதில் விழுகிறது. ஒப்பந்தக்காரர்களிடம் இருபத்தாறு வருடம் குளக்கட்டு வேலைக்கு ஓவசியராக இருந்தவன் நான். என் குறை வேறு. பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

கந்தளாய்க்கு அப்பால் ஒரு குளத்தின் கட்டை உயர்த்தினோம். ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு நாள் கட்டு நெடுக நடந்து, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பொய்யில்லை, கட்டில் ஒன்றுமில்லைத்தான். நாங்கள் மண் எடுத்ததோ ஒரு மைல் தள்ளியிருந்த திட்டியில். மூன்றாம் நாள் பெக்கோ வாளியில் பானையோடுகள் வரத் தொடங்கின. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, பழங்காலச் சனம் புழங்கிய வகை. அப்புறம் ஒரு கற்பலகை. திட்டி முழுவதும் டிப்பரில் ஏறி, கட்டில் கொட்டுண்டு, மேலே ரோலரும் ஓடி ஒரு கிழமையில் கதை முடிந்தது. பலகையைக் குழாயடியில் போட்டார்கள். அதன் ஓரத்தில் இரண்டு வரி எழுத்து இருந்தது. அதில் நின்று கால் கழுவியவர்களில் நானும் ஒருவன்.

மாதுரு ஓயா ஆற்றில் புதிய அணைக்குத் தெரிந்தெடுத்த அதே இடுக்கில் பழைய கட்டும், தண்ணீர் திறந்துவிடும் செங்கல் துருசும் இருந்தன. ஆறு ஒடுங்கும் இடம் அந்தக் காலத்தவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அணைக்கோட்டில் மட்டும் தேடினால் போதாது. சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஏறுமுன் சரிவு சரிவாக ஏறி இறங்கிப் பார்த்தார்கள். மேற்குப் பார்த்த சரிவுகளில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய ஆயிரம் வருடப் பழைய உலைகள் அப்படித்தான் தெரியவந்தன. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையிலேயே அது வந்தது.

ஆகவே மண் எடுக்கும் இடம், வாய்க்கால், குடியேற்றக் காணி, லொறிப் பாதை எல்லாம் ஆய்வு வரைபடத்தில் வர வேண்டும். நடப்பதென்றால் ஆவணி, புரட்டாதியில் பற்றை காய்ந்திருக்கும்போது நடக்க வேண்டும். மார்கழியில் நெஞ்சளவு புல்லுக்குள் யானையைத்தான் காணலாம்! எழுத்து வாசிக்கத் தெரிந்தவரும் கூட வரட்டும். திருகோணமலைப் பக்கத்துப் பெரியகுளத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த கொடையைத் தமிழில்தானே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் கல்லைக் கண்டால் காணி போய்விடும் என்று பயந்து சனம் மூடிவிடுகிறது. பயத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆய்வு அறிக்கையை வேலை தொடங்குமுன் தமிழிலும் சிங்களத்திலும் கிராம சேவகர் அலுவலகத்தில் ஒட்டினால், காணிக்கு என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதினால், சனமே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டும்.

போன வருடம் அந்தக் குழாயடிக்குப் போனேன். பலகையில் பாதி உடைந்து போயிற்று. மிச்சம் அங்கேதான் கிடக்கிறது, எழுத்துப் பக்கம் மேலே. வாசிக்கத் தெரிந்தவர் யாரும் வந்தால் இடத்தைக் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற ஓவசியர்,
தம்பலகாமம், திருகோணமலை