அடுக்கடுக்கான வலையமைப்புகளில் பாதைத் தேர்வும் அதற்கு வேண்டிய ஒருங்கிணைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலை நேரங்களில் நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் இணையம் மந்தமாகிவிடுவதைப் பற்றி வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளை வாங்கி, எது வேகமானது என்று நொடிக்கு நொடி அளந்து, அதன் வழியே தகவலைத் திருப்பிவிடும் கருவியைப் பொருத்திக்கொண்டால் போதும் என்பது அவருடைய யோசனை. இந்த வட்டாரத்தில் கல்விநிலையங்களுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் கணினி வலையமைப்பு அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அத்தகைய கருவிகளை நானும் பொருத்தியிருக்கிறேன். ஒரு கடைக்கோ ஒரு கல்லூரிக்கோ அவை பயன் தருகின்றன என்பதை அறிவேன். ஆனால், எல்லோரும் பொருத்திக்கொண்டால் எல்லோருக்கும் இணையம் வேகமாகிவிடும் என்று அவர் முடித்திருப்பது சரியல்ல. அது ஏன் என்பதை விளக்கவே இக்கடிதம்.

ஒரு தகவல் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதை இன்று ஒருவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அடியில், பைபர் (கண்ணாடி இழை) கம்பிகளையும், தகவலை வழிதிருப்பும் ரூட்டர்களையும் வைத்திருக்கும் சேவை நிறுவனம் தன் வலையமைப்புக்குள் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எடையை, அதாவது பாதையைக் கணக்கிட உதவும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எடைகளின்படி குறைந்த தூரப் பாதையை ரூட்டர்கள் கண்டறியச் செய்கிறது. எந்த ஓர் இணைப்பும் நிரம்பித் திணறாமல் சுமை பரவலாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்; அதற்காக மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், போக்குவரத்தைக் கவனித்து எடைகளைத் திருத்துகிறது. ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வழியை பி.ஜி.பி. என்ற நெறிமுறை (வலையமைப்புகள் பின்பற்றும் பொது விதித்தொகுப்பு) முடிவு செய்கிறது. அது நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தையும், கடக்க வேண்டிய வலையமைப்புகளின் எண்ணிக்கையையும் பார்க்குமே தவிர, வழியில் நெரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இதன் மேல் இன்னோர் அடுக்கு இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கிளைகளைப் பல இணைப்புகளின் வழியே இணைக்கும் எஸ்.டி.வான் கருவிகள், வீடியோக்களைப் பல ஊர்களில் சேமித்து வைத்து வழங்கும் நிறுவனங்கள், பயனர்கள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் செயலிகள் ஆகியவை எல்லாம் தமக்கென்று கணுக்களை (இடைநிலைக் கணினிகளை) நிறுத்தி, அந்தக் கணுக்களுக்கு இடையே தாமே பாதை வகுத்துக்கொள்கின்றன. இவற்றை மேலடுக்கு வலையமைப்புகள் என்று சொல்லலாம். தன் தகவல் தாமதமின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் மேலடுக்கின் ஒரே கவலை. கீழே எத்தனை கம்பிகள் உள்ளன, எது யாருடன் பகிரப்பட்டுள்ளது என்பது அதற்குத் தெரியாது. தாமதத்தையும் தகவல் இழப்பையும் அளந்து ஊகிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

மேலடுக்கு தோன்றியதற்கு நியாயமான காரணம் இருந்தது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ரான் என்ற சோதனை மேலடுக்கை அமைத்துப் பார்த்தார்கள். ஓர் இணைப்பு அறுந்தால் பி.ஜி.பி. மாற்றுப் பாதையில் நிலைகொள்வதற்குப் பல நிமிடங்கள் ஆகக்கூடிய இடத்தில், ரான் சராசரியாக 18 நொடிகளில் சுற்றுவழியைக் கண்டுபிடித்தது. பெரும்பாலான வேளைகளில் இடையில் ஒரேயொரு கணுவைத் தொட்டுச் சென்றாலே போதுமானதாக இருந்தது. இத்தகைய ஆற்றலை யாரும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

சிக்கல், இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே கம்பியின் மேல் முடிவெடுப்பதில் இருக்கிறது. ஒரு சேவை நிறுவனத்துக்கு மதுரையிலிருந்து நெல்லைக்கு நேராக ஒரு வழியும், மதுரையிலிருந்து தூத்துக்குடி சென்று அங்கிருந்து நெல்லைக்கு வரும் இன்னொரு வழியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாலையில் நேர்வழி நெரிசலாகிறது. மேலடுக்குக் கருவிகள் அதை நொடிகளில் உணர்ந்து, தூத்துக்குடியில் உள்ள தம் கணுவின் வழியே தகவலைத் திருப்பிவிடுகின்றன. சேவை நிறுவனத்தின் கணக்கில் இது எப்படித் தெரிகிறது? மதுரை–நெல்லைத் தேவை திடீரென்று குறைந்து, மதுரை–தூத்துக்குடித் தேவையும் தூத்துக்குடி–நெல்லைத் தேவையும் கூடியதாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே தகவல்தான் என்று அறிய அதனிடம் வழியில்லை. ஆகவே எடைகளை மாற்றி, தூத்துக்குடிக்குப் போக வேண்டியவற்றில் ஒரு பகுதியை நெல்லை வழியாக அனுப்புகிறது. நேர்வழி மறுபடி நிரம்புகிறது. மேலடுக்கு மறுபடி இடம் மாறுகிறது. இதற்கிடையில், எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டில் அமர்ந்து இணையவழித் தேர்வு எழுதும் மாணவியின் இணைப்புதான் ஒவ்வொரு மாற்றத்திலும் தடுமாறுகிறது.

இது என் கற்பனைக் கணக்கு மட்டுமன்று. இணையத்தைப் போன்ற அமைப்புகளில் தன்னலப் பாதைத் தேர்வால் சராசரித் தாமதம் மிகுந்து கெட்டுவிடுவதில்லை என்றாலும், சில இணைப்புகளின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏறுவதையும், சேவை நிறுவனத்தின் சுமைப் பகிர்வோடு அது ஒத்துப்போகாததையும் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. 2005இல் யோங் லியு, டான் டௌஸ்லி முதலானோர் இரு அடுக்குகளையும் ஒரு விளையாட்டின் இரு ஆட்டக்காரர்களாக வைத்து ஆராய்ந்தபோது கிடைத்த முடிவு இன்னும் கவலைக்குரியது. மேலடுக்கின் தன்னலத் தேர்வால் வலையமைப்பு முழுவதற்கும் செலவு பெருமளவு கூடலாம், ஊசலாட்டம் ஏற்படலாம் என்பதோடு, ஒவ்வொரு சுற்றிலும் தனக்கு மிகச் சிறந்ததையே தேர்ந்தெடுத்து வந்த மேலடுக்குக்கே தாமதம் கூடிக்கொண்டு போகும் நிலைகளும் உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். தன்னலம் கருதிச் செய்த தேர்வு தனக்கே பலன் தராமல் போகிறது என்பதை, கருவி விற்பவர்கள் வாங்குபவர்களிடம் ஒருபோதும் சொல்வதில்லை.

எல்லோரும் காலியான வழிக்கே ஓடினால் என்ன ஆகும் என்பது இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டிலேயே தெரியவந்தது. 1979இல் அங்கே அளக்கப்பட்ட தாமதத்தை வைத்துப் பாதை தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. சுமை குறைவாக இருந்தவரை நன்றாக நடந்தது. சுமை கூடியதும், ஒரு வழியிலிருந்து எல்லாத் தகவலும் மொத்தமாக இன்னொன்றுக்குப் பாய்வதும், அது நிரம்பியதும் திரும்பி வருவதுமாக ஊசலாடத் தொடங்கியது. 1987இல் அளவீட்டு முறையைத் திருத்தி, ஓர் இணைப்பின் மதிப்பு எவ்வளவு மாறலாம், எவ்வளவு வேகமாக மாறலாம் என்பதற்கு வரம்பு வைத்த பிறகே அது அடங்கியது. அன்று ஓர் அடுக்கில், ஒரே நிர்வாகத்தின் கீழ் நேர்ந்ததைச் சரிசெய்ய முடிந்தது. இன்று பல அடுக்குகள், பல முதலாளிகள்.

வரம்பில்லாத ஊசலாட்டம் பேரிடர் நேரத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தபோது, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் உறவினர்களின் குரலைக்கூடக் கேட்க முடியாமல் தவித்தோம். அத்தகைய நேரத்தில் பல கம்பிகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சினால், ஒவ்வொரு மேலடுக்கும் அதே சில நொடிகளுக்குள் அதே மிஞ்சிய கம்பியைக் கண்டுபிடித்து அதில் ஏறும். அது திணறியதும் எல்லாம் ஒன்றாக இறங்கும். மருத்துவமனையின் அழைப்பும் மாவட்ட நிர்வாகத்தின் தகவலும் அந்த நெரிசலுக்குள்தான் சிக்கும். அறுந்த கம்பியை ஒட்டுவதற்கு ஆள் வருவதற்கு முன்பே, எஞ்சியிருந்ததையும் நாமே முடக்கிவிடுவோம்.

கம்பிகளைப் பற்றிய அறியாமை சாதாரண நாள்களிலும் ஏமாற்றுகிறது. இப்பகுதியில் ஒரு கல்விநிலையம் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பை வாங்கி, ஒன்று போனாலும் மற்றது காக்கும் என்று நிம்மதியாக இருந்தது. சாலையோரத்தில் ஒரே இடத்தில் குழி தோண்டியபோது இரண்டும் ஒருசேர அறுந்தன. இரண்டு நிறுவனங்களின் பைபரும் ஒரே பள்ளத்தில் ஓடியிருக்கின்றன. மேலிருந்து பார்த்த கருவிக்கு அவை தனித்தனியான இரண்டு வழிகள். எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அந்தப் பள்ளத்தை அளவீட்டால் கண்டுபிடிக்க முடியாது. கீழே இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

இரு அடுக்கும் ஒரே முதலாளியிடம் இருந்தால் தீர்வு எளிது. கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட கட்டுரையில், மையத்தில் இருந்தபடி செயலிகளின் தேவையையும் கம்பிகளின் கொள்ளளவையும் ஒன்றாகக் கணக்கிட்டு, பல இணைப்புகளை ஏறத்தாழ முழுக் கொள்ளளவில் ஓட்டுவதாகத் தெரிவித்தது. நம் ஊரில் சேவை நிறுவனம் ஒருவருடையது, கருவி வேறொருவருடையது, வீடியோ இன்னொருவருடையது. ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை, இருக்கவும் கூடாது. பேசாமல் கையை ஓங்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் கோப்புப் பகிர்வை இடையில் புகுந்து துண்டித்து வந்தது வெளிப்பட்டதும், 2008இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அதற்கு எதிராக ஆணையிட, 2010இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. வழக்கு நடந்த ஆண்டுகளில் பொறியியல் சிக்கல் அப்படியே இருந்தது.

அதே காலத்தில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவை நிறுவனமும் கோப்புப் பகிர்வுச் செயலிகளும் ஒத்துழைக்கும் பி4பி (கூகுளின் பி4 வேறு) என்ற மாற்று வழியை முன்வைத்தனர். அதன் தொடர்ச்சியாக, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2014இல் ஆல்டோ என்ற நெறிமுறையை ஆர்.எஃப்.சி. 7285 என்ற எண்ணுள்ள ஆவணமாக வெளியிட்டது. இதன்படி சேவை நிறுவனம் தன் முகவரிகளைச் சில தொகுதிகளாகப் பிரித்து, ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் அனுப்புவது தனக்கு எவ்வளவு சுமை என்பதை ஓர் அட்டவணையாக வெளியிடுகிறது. மேலடுக்கு அதைப் படித்து, தன் அளவீட்டோடு சேர்த்து, தானே முடிவெடுக்கிறது. எந்த ரூட்டர் எங்கே இருக்கிறது என்று நிறுவனம் சொல்ல வேண்டியதில்லை. துல்லியமான எண்ணைக்கூடத் தர வேண்டியதில்லை. இது முதல் விருப்பம், அது இரண்டாவது என்று வரிசையை மட்டும் தந்தாலும் நெறிமுறை ஏற்றுக்கொள்கிறது. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும் நாளிதழில் பார்த்துவிட்டு, ஸ்ரீவைகுண்டம் வடகால் விவசாயி நாற்றங்கால் வேலையைத் திட்டமிடுவதைப் போன்றதே இது. அவருக்கு மதகின் சாவி தேவையில்லை. மேலே என்ன நடக்கிறது என்ற செய்தி போதும்.

இதற்கு இரண்டு மறுப்புகளை நான் கேட்டிருக்கிறேன். ஒன்று, தொழில் ரகசியம் வெளியாகிவிடும் என்பது. அதற்கான விடையை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது மறுப்பு கனமானது. இவ்வாறு வழிகாட்டுவது, 2018 ஜூலையில் நம் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்ட, எல்லாத் தகவலையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலைக் கொள்கைக்கு எதிரானது ஆகாதா என்று கேட்கிறார்கள். அட்டவணை எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் கிடைக்குமானால் எதிரானது ஆகாது என்பது என் உறுதியான கருத்து. பணம் கொடுத்த பெருநிறுவனத்துக்கு மட்டும் அட்டவணை, தென்காசியில் உள்ள சிறு நிறுவனத்துக்கு இல்லை என்றால், அது கண்டிப்பாகப் பாகுபாடு. அதை ஒழுங்குமுறை ஆணையம் தடுக்க வேண்டும். சேவை நிறுவனம் பொய்யான வரிசையைத் தந்தால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். மேலடுக்கு தானும் அளப்பதால் பொய் நெடுநாள் நிற்காது.

அட்டவணை மட்டும் போதாது, வேகத்துக்கும் வரம்பு வேண்டும். புதிய வழி சிறிதளவே மேலானது என்றால் மாறக் கூடாது. மாறினாலும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் மாறாதபடி ஒவ்வொன்றும் வெவ்வேறு இடைவெளி விட வேண்டும். மொத்தச் சுமையையும் ஒரேயடியாக அல்லாமல் பகுதி பகுதியாக நகர்த்த வேண்டும். இவை பல கருவிகளில் ஏற்கெனவே உள்ள அமைப்புகள்தாம். பெரும்பாலும் பொருத்துபவர் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறார், அல்லது வாடிக்கையாளர் உடனடி வேகத்தைக் கேட்பதால் அணைத்துவிடுகிறார்.

ஆகவே, தங்கள் நாளிதழின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாவட்ட நிர்வாகமும் அரசுக் கல்லூரிகளும் இணைய இணைப்புக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, இணைப்புகள் எந்தெந்தச் சாலையோரமாக வருகின்றன, எங்கே ஒரே பள்ளத்தைப் பகிர்கின்றன என்ற விவரத்தைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும். பாதை மாற்றும் கருவிகளுக்கு மேற்சொன்ன வரம்புகளை நிபந்தனையாக்க வேண்டும். ஆல்டோ போன்ற அட்டவணையைத் தர முன்வரும் நிறுவனத்துக்கு மதிப்பீட்டில் முன்னுரிமை அளிக்க வேண்டும். அடுத்து, நெல்லை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் கணினி வலையமைப்புப் பாடத்தில் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே கற்பிப்பதோடு நில்லாமல், இரண்டு அடுக்குகள் மோதும்போது என்ன ஆகிறது என்பதை ஆய்வகத்தில் மாணவர்களே செய்து பார்க்க வழிசெய்ய வேண்டும். நான்கைந்து கணினிகளும் கட்டணமில்லாத மென்பொருளும் இருந்தாலே அந்த ஊசலாட்டத்தைக் கண்ணால் காணலாம். கல்லூரிகள் அழைத்தால், வந்து செய்து காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.