நொடிந்த தொழிலை வாங்கக் கிளம்பியிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நலிந்த தொழில்களைத் தேடிப்பிடித்து வாங்கி நிமிர்த்த நினைக்கும் நண்பர்களே,

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது என் வேலை. உங்களில் பாதிப்பேர் வந்ததும் வராததுமாக "எவ்வளவுக்குப் படியும்?" என்கிறீர்கள். விலை கிடக்கட்டும், ஏன் நொடிந்தது என்று கேளுங்கள், அதையும் முதலாளியிடம் கேட்காதீர்கள், "கையில் முதல் இல்லை, வேறு ஒரு குறையும் இல்லை" என்பார், பாவம், பல நேரம் அவரே அதை நம்பிக்கொண்டிருப்பார்.

சரக்குப் போடுபவரைக் கேளுங்கள். மாதக் கடனுக்குக் கொடுத்துவந்தவர் இப்போது ரொக்கத்தைக் கண்ணில் காட்டினால்தான் வண்டியிலிருந்து இறக்குகிறார் என்றால் கதை புரிந்துவிடும். தொழில் தள்ளாடுவது முதலில் தெரிவது அவருக்கும் ஆடிட்டருக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும்தான். தேறக்கூடியவை பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளேயே கைமாறிவிடும், விளம்பரத்துக்கு வருவதில் பல, நாலு பேர் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனவை.

ஒருமுறை ஒரு கிடங்குக்குப் போனேன். ஏட்டில் பெரிய சொத்தே கையிருப்புச் சரக்குதான். கடைசி வரிசையில் ஒரு பெட்டியைத் தொட்டேன், ஒட்டியிருந்த டேப் சருகு மாதிரி உதிர்ந்தது, உள்ளே ரப்பர் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. "நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இது இங்கதான் சார் இருந்துச்சு" என்றார் கிடங்குக்காரர். அந்த வரிசை முழுக்க அப்படித்தான், ஏட்டிலோ வாங்கின விலையிலேயே நிற்கிறது. இதில் என் தப்பும் உண்டு, முன்பணம் கைமாறுவதற்கு முன்பே நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். வாங்கியவர் "தள்ளுபடி போட்டுத் தள்ளிடலாம்" என்றார். எட்டு மாதத்தில் பூட்டிவிட்டார்.

கடன் கழுத்தை நெரித்தோ, பங்காளிச் சண்டையிலோ, முதலாளியின் அசட்டையிலோ படுத்த தொழிலை எழுப்பலாம், வாடிக்கையாளர் இன்னும் வாசலில் நிற்கிறார் என்றால். அந்தப் பொருளே யாருக்கும் வேண்டாமென்று ஆகிவிட்டால், அல்லது வேறொருவர் பாதி விலைக்குக் கொடுத்தால், எவ்வளவு கெட்டிக்காரர் வந்தும் பயனில்லை. அமெரிக்காவின் பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே மலிவாகக் கிடைக்கிறதே என்று பெர்க்‌ஷயர் ஹாத்வே நெசவாலையைப் பிடித்தவர்தான். 1965இல் கைக்கு வந்தது, 20 ஆண்டு முட்டி மோதிவிட்டு 1985இல் நெசவை மூடினார். 1981இல் 5,000 டாலர் வீதம் வாங்கிய தறிகள், கழற்றி அப்புறப்படுத்தும் செலவுக்குக்கூட ஆகாமல் தலா 26 டாலருக்குக் காயலான் சரக்காகப் போயின.

அப்புறம் இன்னொன்று. கம்பெனியின் பங்குகளை வாங்கினால் பழைய வரிபாக்கி, வழக்கு, தொழிலாளர் பாக்கி எல்லாம் சேர்ந்தே வரும், சொத்தை மட்டும் பிரித்து வாங்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், அதிலும் சில பாக்கிகள் விடாமல் பின்னாலேயே வரக்கூடும். வாங்குவதற்கே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, மறுவாரம் சம்பளத்துக்கு அலைபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அடுத்த 13 வாரத்துக்கு வாராவாரம் என்ன வரும், என்ன போகும் என்று ஒரே தாளில் எழுதுங்கள். வரவேண்டிய பாக்கியில் மூன்று மாதம் தாண்டியதை அதில் சேர்க்க வேண்டாம்.

அந்தத் தாளோடு வாருங்கள். விலையை அப்போது பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை