சுழி பார்த்துச் சொல்லுங்கள், தாத்தா

செல்லே, ஜெர்மனி
நவம்பர் 10, ஞாயிறு

அன்புள்ள தாத்தாவுக்கு உங்கள் பேத்தி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தை அம்மாதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். தனக்குப் பிடிக்காத வரியைத் தாண்டிப் போய்விடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே போட்டு விடுகிறேன்: குதிரையிலிருந்து மூன்று தடவை விழுந்திருக்கிறேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மா, இதையும் சேர்த்துப் படி.

போன ஞாயிறு போனில், குதிரை ஏறப் பழகுகிறேன் என்று சொன்னதும் திட்டப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டதோ, "சுழி எப்படி?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு நாள் அந்தக் குதிரையைத் தேய்க்கிறேன், மயிர்ச்சுழியைப் பார்க்கத் தோன்றவே இல்லை. இந்த வாரம் பார்த்துவிட்டேன். கடைசியில் சொல்கிறேன், பொறுங்கள்.

குதிரை பெயர் லூனா. பெட்டை, பதினெட்டு வயது. ஹனோவர் ஜாதி. இந்த ஜாதியில் அப்பன் குதிரையின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்தில் குட்டிக்குப் பெயர் வைப்பது வழக்கம். நாம் இனிஷியல் போட்டுக்கொள்வது மாதிரிதான். இடது பின்தொடையில் மாட்டுக்குச் சூடு போடுவது போல ஒரு அடையாளம் இருக்கிறது: இரண்டு குதிரைத் தலைகள் முளைத்த 'எச்' எழுத்து. நிறம் வெள்ளை. ஆனால் பிறக்கும்போது கறுப்பாம். வருடா வருடம் வெளுத்து, எட்டு வயதில் முழு வெள்ளையாகிவிட்டாள். இப்படிப்பட்ட குதிரையை இந்த ஊரில் 'ஷிம்மெல்' என்பார்கள். ரொட்டியில் பிடிக்கும் பூஞ்சணத்துக்கும் இதே வார்த்தைதான். முதல் நாள் லாயத்தில் "அந்த ஷிம்மெலைக் கூட்டி வா" என்றபோது நான் தீவனப் பெட்டியைத் திறந்து பூஞ்சணம் தேடினேன்.

உயரம் தோள் வரை 168 சென்டிமீட்டர். நான் 155. நம்ம ஜட்காக் குதிரை மணியின் முதுகு உங்கள் நெஞ்சளவுதானே இருக்கும்? இவள் முதுகை நான் எட்டிப் பார்க்கக்கூட முடியாது. மூன்று படி வைத்த ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். (குதிரையை 'அவள்' என்று எழுதுகிறேன். நீங்களும் மணியை 'அவன்' என்றுதான் சொல்வீர்கள்.)

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். முதல் வருடம் எனக்கு ஆஸ்பத்திரி, ஜெர்மன் வகுப்பு, அறை இவ்வளவுதான் தெரியும். பி2 என்கிற ஜெர்மன் பரீட்சை முடிந்து, நர்ஸ் என்ற அங்கீகாரக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். அப்போது பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையெல்லாம் மூடியிருக்கும், தெருவில் ஆள் இருக்காது. என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "சும்மா வா, குதிரைக்குச் சாணி அள்ளலாம்" என்று கூட்டிப் போனாள். ஊருக்கு வெளியே லாயம். கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது தாத்தா. லத்தியும், வைக்கோலும், வேர்த்த தோலும். பழனி அடிவாரத்தில் நம் வண்டி ஸ்டாண்டில் நின்றது போலவே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் ஜலதோஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இந்த ஊருக்கும் குதிரைக்கும் பழைய சொந்தம். மாநிலக் கொடியிலேயே வெள்ளைக் குதிரை துள்ளிக்கொண்டு நிற்கிறது. செல்லேயில் அரசாங்கத்தின் குதிரைப் பண்ணை ஒன்று 1735 முதல் நடக்கிறது. ஆரம்பித்தவர் இரண்டாம் ஜார்ஜ். இங்கிலாந்துக்கு ராஜா, இந்த ஹனோவர் சீமையை ஆண்டவரும் அவரே. அதே காலத்தில் சென்னைக் கோட்டையில் கும்பினிக்காரர்கள் உட்கார்ந்திருந்ததும் இவர் பெயரைச் சொல்லித்தான். குடியானவர்களின் பெட்டைக் குதிரைகளுக்கு நல்ல ஆண் குதிரை கிடைக்க வேண்டும் என்று ஏற்படுத்திய பண்ணை அது. நம்மூரில் கோவில் காளை விட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் புத்தகம் மட்டும் கூடுதல்.

லூனா என் சொந்தக் குதிரை இல்லை. சொந்தமாக வைத்துக்கொள்ள என் சம்பளம் காணாது. இங்கே 'ரைட்பெட்டைலிகுங்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. நம்மூரில் நிலத்தை வாரத்துக்கு விடுவது மாதிரிதான். குதிரைக்காரர் ஒருவர், நான் பங்காளி. மாதம் ஒரு தொகை கொடுக்கிறேன், செவ்வாயும் வியாழனும் அவள் என் பொறுப்பு. குளம்பு சுத்தம் செய்வது, லாயம் கூட்டுவது, தேய்ப்பது, ஏறுவது எல்லாம் நான்தான். சொந்தக்கார அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முட்டி வலி. நான் அவரை 'நீங்கள்' என்று கூப்பிட்டால் கோபம் வந்துவிடுகிறது. லாயத்துக்குள் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் 'நீ'தான். எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது.

தீனி விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கொள்ளு கிடையாது. கொள்ளு என்றால் என்னவென்றே தெரியவில்லை, படம் காட்டினேன், பயறா என்றார்கள். ஓட்ஸும் காய்ந்த புல்லும்தான். நீங்கள் மணிக்கு உள்ளங்கையில் வெல்லம் வைத்துக் கொடுப்பீர்களே, அந்த நினைப்பில் ஒரு நாள் அம்மா அனுப்பிய கருப்பட்டியில் ஒரு துண்டை நீட்டினேன். சொந்தக்கார அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார். சர்க்கரை அதிகமானால் குளம்புக்குள் வீங்கி, நிற்கவே முடியாமல் போய்விடுமாம். வசந்த காலத்துப் பச்சைப் புல்லிலேயே அந்தச் சர்க்கரை இருக்கிறதாம். அதனால் ஏப்ரலில் முதல் நாள் பத்து நிமிடம் மேய விடுவார்கள், அடுத்த நாள் கொஞ்சம் கூட்டுவார்கள், இப்படியே வாரக்கணக்கில். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் குதிரை பக்கத்தில் நிற்பார். நம்ம மணி சண்முகநதிக் கரையில் நாள் முழுக்க மேய்ந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

சரி, ஏறுவதற்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் என் கையில் லகானே கொடுக்கவில்லை. வாத்தியாரம்மா நடுவில் நீளக் கயிற்றோடு நிற்பார், லூனா அவரைச் சுற்றி ஓடுவாள், மேலே நான் மூட்டை. கையை விரி, கண்ணை மூடு, குதிகாலைக் கீழே அழுத்து. குதிகாலைக் கீழே, குதிகாலைக் கீழே என்று ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை சொல்வார். இங்கே பயிற்சிக்கு ஆறு படிகள் வைத்திருக்கிறார்கள், முதல் படிக்குப் பெயர் 'டாக்ட்'. தாளம். இதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம். நடக்கும்போது நாலு அடி, ட்ராப் என்கிற ஓட்டத்தில் இரண்டு அடி, கலோப் என்கிற பாய்ச்சலில் மூன்று. ஜட்கா வண்டிக்குள் பாயில் உட்கார்ந்து கேட்ட டக் டக் டக் டக் சத்தம் அந்த இரண்டடி ஓட்டம்தான் என்று இப்போதுதான் புரிந்தது. மணி கலோப் போய் நான் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் எங்கே போவான்?

அந்த ஓட்டத்தில் சும்மா உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் ஒரு அடிக்கு எழுந்து ஒரு அடிக்கு உட்கார வேண்டும். அதுவும் கண்டபடி எழக்கூடாது. சுவர்ப் பக்கத்து முன்னங்கால் முன்னே போகும்போது எழ வேண்டும். குனிந்து பார்க்கவும் கூடாது, பிட்டத்திலேயே தெரிய வேண்டும் என்கிறார் வாத்தியாரம்மா. தெரிய ஐந்து மாதம் ஆனது.

என் பெரிய தகராறு வலப்பக்கக் கலோப். வலது பக்கமாக வளைந்து ஓடும்போது வலது முன்னங்கால்தான் எட்டிப் போட வேண்டும். நான் கேட்டால் அவள் இடது காலைப் போடுவாள். மூலையில் தடுமாறுவாள். நான் திரும்பக் கேட்பேன், திரும்ப அதே கால். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இந்தக் கூத்து. குதிரைக்கு வயதாகிவிட்டது, வலது பின்காலில் ஏதோ கோளாறு என்று நானே முடிவுகட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் வாத்தியாரம்மா என்னைக் கீழே இறக்கிவிட்டு அவர் ஏறினார். ஒரு மூச்சு. சரியான காலில் கிளம்பிப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்தது. அப்புறம் என் பின்னால் நின்று பார்த்துச் சொன்னார்: நீ இடது பக்கமாகவே சாய்ந்து உட்காருகிறாய், அவள் உன் கீழே வந்து உன்னைத் தாங்கிக்கொள்கிறாள், அவள் மேல் தப்பு இல்லை. படுக்கையில் இருப்பவர்களைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு ஒரு பக்கமாகப் போயிருந்திருக்கிறது. நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் யாரும் கவனிக்காததைக் குதிரை கவனித்திருக்கிறது.

கால் வைக்கும் அங்கவடியைக் கழற்றிவிட்டு ஆறு வாரம் ஓட்டினேன். மூன்று விழுகையில் இரண்டு அந்தக் கணக்குதான். செப்டம்பரில் ஒரு வியாழன், நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்த அசதியில் போயிருந்தேன். அதிகம் யோசிக்கத் தெம்பில்லை. மூலை வந்தது, என் சுவர்ப் பக்கத்துக் காலைக் கொஞ்சம் பின்னால் வைத்து மூச்சை விட்டேன். அவள் தோள் எனக்கு முன்னால் எழும்பியது, வலது பக்கம். மூன்று அடித் தாளம். ஒரு முழுச் சுற்று வந்து நின்றோம். காதை ஒரு பக்கம் திருப்பி, முடிந்ததா என்பது போலப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இன்னொன்று. என்னோடு குதிரை ஏறப் பழகும் பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். பத்து வயதுக் குட்டிகள் அந்த மலை போன்ற மிருகத்தைத் தனியாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஒன்பது வயதில் மணி மேல் உட்கார வைக்கச் சொல்லி அழுதேன், ஞாபகம் இருக்கிறதா? "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு" என்று அண்ணனைத் தூக்கி வைத்தீர்கள். அவன் பயந்து கத்தினான். நீங்கள் மறந்திருப்பீர்கள். குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இழுத்தால் அவிழும் கட்டுத்தறி முடிச்சைச் சொல்லிக் கொடுத்தது எனக்கு மட்டும்தான். போன வருடம் இங்கே குதிரையைக் கையாளும் பரீட்சை எழுதினேன், அதுவும் ஒரு லைசென்ஸ்தான். முடிச்சுப் போடச் சொன்னார்கள். பார்க்காமலே ஒரே கையில் போட்டேன். எங்கே கற்றாய் என்று கேட்டார் பரீட்சைக்காரர். எங்கள் தாத்தா டாக்ஸி ஓட்டினார் என்றேன். ஜட்காவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியவில்லை.

அக்டோபரில் ஒரு ராத்திரி பயந்துவிட்டேன். தீனி எடுக்காமல் நின்றாள், முன்னங்காலால் தரையைப் பறண்டினாள், தலையைத் திருப்பித் திருப்பி வயிற்றைப் பார்த்தாள். வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் சின்ன வலியும் உயிருக்கு வந்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பார்த்தேன். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு நாற்பதுக்குள் இருக்க வேண்டும், ஐம்பத்தாறு இருந்தது. டாக்டர் வரும்வரை இருட்டில் நடத்திக்கொண்டே இருந்தேன். அவர் போட்ட ஊசியின் பெயரைப் பார்த்தால் புஸ்கோபான், என் வார்டில் நான் தினமும் எடுத்துக் கொடுக்கும் அதே மருந்து. மூக்கு வழியாகக் குழாய் விட்டார், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மணிக்கு லத்தி போட்டாள். அந்தச் சாணியைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். நாடி நாற்பதுக்கு இறங்கிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன். நடத்தும்போது என்ன பேசினேன் தெரியுமா? "ஏய் ஏய், ஒண்ணுமில்ல சாமி, வா சாமி." உங்கள் குரலில் வந்தது.

சரி, சுழி. இங்கே குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. நிஜமாகத்தான். நான் விசாவுக்கு வரிசையில் நின்றதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அதில் போட்டோ கிடையாது, குதிரையின் படம் வரைந்து, வெள்ளைப் புள்ளி, தழும்பு எல்லாம் குறித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை உங்களுக்காக அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நெற்றியில் இரண்டு சின்னப் பெருக்கல் குறிகள், கழுத்தில் ஒன்று. இது என்ன என்று கேட்டேன். மயிர் சுழன்று வளரும் இடம், எந்த இரண்டு குதிரைக்கும் ஒன்றுபோல் இருக்காது, ஆள் அடையாளத்துக்காகக் குறிக்கிறோம் என்றார்கள். நல்லது கெட்டது எதுவும் அதில் பார்ப்பதில்லையாம்.

அந்தியூர் சந்தை ஞாபகம் வந்தது. ஆடி மாதம், குருநாதசாமி கோவில், என்னையும் கூட்டிப் போயிருந்தீர்கள். செவலைக் குதிரை ஒன்று, எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நீங்கள் பிடரிக்கு அடியில் விரலை ஓட்டினீர்கள், கையைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டீர்கள். அந்த ஆள் விலையைக் குறைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். பஸ்ஸில் கேட்டதற்கு, "சுழி சரியில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாஸ்போர்ட்டைப் பார்த்து நானே லூனாவின் முகத்தை வரைந்து இதனுடன் வைத்திருக்கிறேன். நெற்றியில் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இரண்டு சுழி. கழுத்தில் உள்ளது இடது பக்கம், பிடரியை ஒட்டி. அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், காது மட்டும் நன்றாக வந்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். நல்ல சுழி என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். கெட்ட சுழி என்றால் கடிதம் போடுங்கள், வந்து சேர எப்படியும் பதினைந்து நாள் ஆகும்.

அன்புடன்,
உங்கள் பேத்தி