காலையில் ரத்தம் எடுங்கள் ஐயா

மாவட்ட மருத்துவ அதிகாரிகளுக்கு வணக்கம்.

இளவயது ஆண்களுக்குத் தாம்பத்திய நாட்டம் குறைந்தால் செய்யும் பரிசோதனை பற்றித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மனு உங்கள் பார்வைக்கு வந்தது. "சம்பந்தப்பட்ட மருத்துவமனையை அணுகவும்" என்று பதிலும் வந்தது. அந்த மருத்துவமனையைப் பற்றித்தான் மனுவே. ஆகவே இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பரிசோதனைக்குக் காலை 10 மணிக்குள் ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருந்து பகல் ஏற ஏறக் குறையும், அதுவும் இளவயதில் வித்தியாசம் அதிகம். வெறும் வயிற்றில், வேறு வேறு நாள் காலையில் இரண்டு முறை பார்த்த பிறகுதான் குறைவு என்று முடிவு கட்ட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? ஆனால் நடப்பதைக் கேளுங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஓபி சீட்டுக்கு நின்றால், "என்ன தொந்தரவு?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து சத்தமாகக் கேட்பார்கள். பின்னால் எங்கள் தெருக்காரர் நிற்பார். "அசதி" என்றுதான் வாயில் வரும். அசதி என்றவனுக்குச் சத்து மாத்திரைதான். துணிந்து டாக்டரிடம் உண்மையைச் சொன்னால், அந்த அறைக்குக் கதவு கிடையாது. அவர் எழுதித் தந்த சீட்டோடு லேபுக்குப் போகும்போது உச்சி வெயில், வயிற்றில் இட்லி. "நாளைக் காலையில் வருகிறேன்" என்றேன். "இது இன்றைய சீட்டு, நாளைக்கு வந்தால் புது ஓபி போடணும்" என்றார்கள். புது ஓபி போட்டால் மறுபடியும் அதே வரிசை, அதே உச்சி வெயில்.

சரி என்று கையை நீட்டினேன். அளவு குறைவு என்று வந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்த ஒரு தனியார் கிளினிக்கில் உடனே ஊசி போடலாம் என்றார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். எங்கள் வீட்டில் குழந்தைக்காகக் காத்திருக்கிறோமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தைராய்டு, சுகர், புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன், எதையும் பார்க்கவில்லை. தூக்கம் எப்படி, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா என்ற பேச்சும் இல்லை. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி இருந்தாலும் புரோலாக்டின் ஏறி ஆசை குறையும், அது பெரும்பாலும் மாத்திரைக்கே கட்டுப்படும். உச்சி வெயிலில் எடுத்த ஒற்றை எண்ணை நம்பி இதையெல்லாம் தாண்டிப் போகலாமா?

இந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க 'ஆண்மைக் குறைவா?' போஸ்டர். இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தாயிற்று. போஸ்டர் மட்டும் வாடுவதே இல்லை. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கும் அந்த வைத்தியர்களிடம் ஒரு நல்லது உண்டு: ரூமுக்குக் கதவு இருக்கிறது. 2021-லிருந்து வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறீர்கள். என் அம்மாவுக்கு மாத்திரை அப்படித்தான் வருகிறது, நன்றி. தயவுசெய்து இதற்கும் வீடு தேடி வந்துவிடாதீர்கள், தெருவே கூடிவிடும்.

மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் விடுவதா, ஆகஸ்டில் விடுவதா என்பதில் எங்கள் குறுவையே இருக்கிறது. நேரம் தவறி வந்ததை வைத்து என்ன செய்வது என்று டெல்டாக்காரனுக்குத் தெரியும். பத்து மணிக்குள் எடுங்கள் என்று கேட்பதும் அதனால்தான்.

கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ புது மெஷினோ வேண்டாம். முந்தின நாள் டாக்டர் எழுதிய சீட்டு மறுநாள் காலையிலும் செல்லும், இரண்டாவது முறை எடுக்கவும் அதே சீட்டு போதும் என்று லேபுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அப்புறம், முடிந்தால் அந்த அறைக்கு ஒரு கதவு.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவன்